பேய்ப்புளியடி, நான்கு பரப்பு

நோர்வேக்கு வந்த முதற் பனிக்காலத்தில், பக்கத்து வீட்டு முதியவர் என் அஞ்சற்பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, "இது எந்தப் பண்ணையின் பெயர்?" என்று கேட்டார். பெட்டியில் இருந்தது அப்பாவின் பெயர். அம்மா ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லாத அந்தப் பெயரால் இங்கே கண்டவர் எல்லாம் என்னைக் கூப்பிடும் சங்கடம் போதாதென்று, அன்றைக்கு அப்பா ஒரு பண்ணையாகவும் ஆகிவிட்டார்.

கேள்வியில் குற்றமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நோர்வேயர்களும் முன்பு நம்மைப்போலத் தகப்பன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஓலேயின் மகன் ஓல்சன். அதன் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர் வரும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று 1923இல் சட்டம் வந்தபோது, பலர் பண்ணைப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். முதியவரின் பெயர் 'ரூட்' என்று முடியும். காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். 'விக்' என்றால் குடா, 'நெஸ்' என்றால் முனை. பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகைகளைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லும் அளவுக்கு நானும் இந்நாட்டவனாகிவிட்டேன். லோஃபோதன் தீவுகளில் ஓர் ஊருக்கு 'ஓ' என்ற ஒற்றை எழுத்தே பெயர்; சிற்றாறு என்னும் பொருளுடைய பழஞ்சொல் அது. அந்தப் பலகையை அடிக்கடி களவெடுத்துப் போய்விடுவார்களாம். ஓர் ஊரின் முழுப்பெயரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேறெங்கே முடியும்?

எங்கள் காணிப் பெயருக்கு அந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அதற்குப் பலகையே கிடையாது. யாழ்ப்பாணத்தில் அது இருந்தது காணி உறுதிப் பத்திரத்தில் மட்டுமே: 'பேய்ப்புளியடி என்னும் காணி, பரப்பு நான்கு.' பரப்பு என்பது எங்கள் ஊர் நில அளவு. இடம்பெயர்ந்த போதெல்லாம் நகைக்கு முன்னதாக அம்மம்மா அந்த உறுதியைத்தான் பையில் வைப்பார். மடிப்புகள் கிழிந்து, 'புளி' என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோடு ஓடியிருக்கும். பேய் எப்போது வந்தது என்று கேட்டால், "உன்ர கொப்பாட்டன் வெறியில வந்து மரத்தோட கதைச்சதைக் கண்டவங்கள் வைச்ச பேர்" என்பார். நான் பிறக்குமுன்பே புளி விழுந்துவிட்டது. இருந்தும் சிறுவயதில் அந்த வேலியோரம் இருட்டில் ஓடித்தான் கடப்பேன்.

சென்ற கோடையில் முதியவரிடம் இதைச் சொன்னேன். எத்தனை 'மோல்' என்று கேட்டார். ஒரு மோல் ஆயிரம் சதுர மீற்றர். கணக்குப் பார்த்தால் நான்கு பரப்பு ஏறக்குறைய சரியாக ஒரு மோல்தான். இது உருளைக்கிழங்குப் பாத்திக்கே காணாது என்று சிரித்தார். பிறகு, அந்த மரம் இப்போதும் நிற்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருடைய பாட்டனார் வெட்டித் திருத்திய நிலத்திலும் ஊசியிலை மரங்கள் திரும்ப முளைத்து, இப்போது வீட்டுக்கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டன என்றார்.