டெக்சஸ் மக்கள் தடுத்து நிறுத்திய சுங்கச் சாலை

ஆஸ்டின், டாலஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் நம் ஆட்கள் பலருக்கு டிரான்ஸ் டெக்சஸ் காரிடார் கதை தெரிவதில்லை. அவசியம் தெரிய வேண்டும்.

2002இல் ஆளுநர் ரிக் பெரி அறிவித்த திட்டம். மாநிலம் முழுக்க சுமார் 6,400 கிலோமீட்டர். காருக்குத் தனிப்பாதை, லாரிக்குத் தனிப்பாதை, கூடவே ரயில், குழாய், மின்கம்பி. அகலம் மட்டும் 1,200 அடி வரை! பண்ணையின் குறுக்கே அப்படியொரு சாலை போனால், வீடு ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் மறு பக்கம். மாட்டை எப்படி ஓட்டிப் போவது? நிலம் எடுப்பது அரசு, சுங்கம் வசூலிப்பது பெரும்பாலும் தனியார். பெட்ரோலுக்கு ஏற்கெனவே சாலை வரி கட்டுகிற மக்களுக்குக் கோபம் வராதா?

வந்தது. பண்ணைக்காரர்களும் சுற்றுச்சூழல்காரர்களும், வலதும் இடதும் ஒன்றாக நின்றார்கள். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மக்கள் திரண்டு பேசினார்கள். 2009இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2011இல் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள்.

அந்தக் காலத்தில் தனியாருக்குக் கொடுத்த எஸ்ஹெச் 130 என்ற மாநிலச் சுங்கச் சாலையின் தெற்குப் பகுதி மட்டும் 2012இல் திறந்தது. மணிக்கு 85 மைல் வேகம், நாட்டிலேயே அதிகம். எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை. 2016இல் நடத்திய நிறுவனம் திவால் மனு போட்டது. எதிர்த்தவர்களின் கணக்குதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கவுண்டியில் சாலைத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பு என்று அறிவிப்பு வந்தால், தயவுசெய்து போய்ப் பேசுங்கள்.