குஷனும் குஷியும்: பிரிட்டிஷ் கொச்சைச் சொற்களின் வேர்கள்

அதிகம் அலட்டிக்கொள்ளாமல் நல்ல சம்பளம் வாங்கித்தரும் வேலையைப் பிரிட்டனில் ‘குஷி’ வேலை என்பார்கள். மெத்தென்ற திண்டைக் குறிக்கும் ‘குஷன்’ என்ற பழைய சொல்லிலிருந்தே இது வந்திருக்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது என்பதால் சரிபார்க்கவே தோன்றவில்லை. ஆனால் குஷன் இடைக்காலத்திலேயே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்துவிட்ட சொல். குஷியோ, இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்துஸ்தானியில் கேட்டு எடுத்துக்கொண்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் பரவலாக்கிய சொல். இனிமையைக் குறிக்கும் ‘குஷ்’ என்ற பாரசீகச் சொல்லே அதன் வேர். ‘பையன் குஷியாக இருக்கிறான்’ என்று நாம் சொல்லும்போது வாயில் வருவதும் அதே வேர்தான்.

அந்தப் போரில் பரவிய இன்னொரு சொல் ‘பிளைட்டி’. பயிரைக் கருக வைக்கும் நோய்க்கு ஆங்கிலத்தில் ‘பிளைட்’ என்று பெயர். இரண்டுக்கும் ஒலியைத் தவிர வேறு உறவில்லை. ஆட்சிப் பகுதியைக் குறித்த ‘விலாயத்’ என்ற அரபுச் சொல், பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, ‘விலாயத்தி’, ‘பிலாயத்தி’ என்று திரிந்து, ஐரோப்பியருடையது என்ற பொருளைப் பெற்றது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. சோடாவை ‘பிலாயத்தி பானி’ என்று அழைத்த செய்தியையும் அதில் காணலாம். சிப்பாய்களின் வாயில் அது ‘பிளைட்டி’யாகி, தாய்நாடான பிரிட்டனின் செல்லப்பெயரானது. உயிரைப் பறிக்காமல், ஆனால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குப் பட்ட காயத்தை அவர்கள் ‘பிளைட்டிக் காயம்’ என்றார்கள். காயம் படுவதையே வரமாக எண்ணிய அந்த மனநிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு சொல்லை நான் அறியேன்.

ஒலியொற்றுமை தரும் மயக்கத்தைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது, முதலெழுத்துகளை விரித்துக் கதை கட்டும் பழக்கம். மேட்டுக்குடிப் பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற சொல், இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை (Port Out, Starboard Home) என்று பயணச்சீட்டில் குத்திய முத்திரையின் சுருக்கம் என்பார்கள். அப்படியொரு சீட்டு இன்றுவரை கிடைத்ததில்லை. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த ரோமா மக்களின் மொழியான ரோமானியில் ‘பாஷ்’ என்பது ‘பாதி’. 19ஆம் நூற்றாண்டுத் திருடர் வழக்கில் அது அரைக்காசையும் பொதுவாகப் பணத்தையும் குறித்தது. பகட்டுப் பொருள் அதிலிருந்துதான் பிறந்தது என்று அகராதிகள் அறுதியிட்டுச் சொல்வதில்லை என்றாலும், முத்திரைக் கதையைவிட இதற்கு ஆதாரம் அதிகம்.

2004 வாக்கில் பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் பெருகிய ‘சாவ்’ என்ற ஏளனச் சொல்லுக்கும் இதே கதிதான். உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட அதை, அரசுக் குடியிருப்பையும் வன்முறையையும் சேர்த்துச் சொல்லும் (Council House And Violent) சுருக்கம் என்று விளக்கினார்கள். சிறுவனைக் குறிக்கும் ‘சாவோ’ என்ற ரோமானிச் சொல்லோடு அதை இணைப்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. சுருக்கக் கதை ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும், 16ஆம் நூற்றாண்டிலிருந்து பிரிட்டனில் வாழ்ந்து, ஆங்கிலத்துக்குச் சொற்களைத் தந்த ரோமா மக்களின் பங்கு மறைந்துபோகிறது.

‘அருமை’ என்ற பொருளில் லண்டன் பேச்சில் வழங்கும் ‘குஷ்டி’யைக் கேட்பவர்கள், அதைக் குஷியின் இன்னொரு வடிவம் என்றே எண்ணுவார்கள். அதுவோ நல்லதைக் குறிக்கும் ‘குஷ்டோ’ என்ற ரோமானிச் சொல்லின் வழிவந்தது. நண்பனை அழைக்கும் ‘பேல்’ என்ற சொல்லும் அம்மொழிக்கொடைதான். அதன் மூலமான ‘ப்ரால்’ ரோமானியில் உடன்பிறந்தவனைக் குறிக்கிறது. சமஸ்கிருதத்தின் ‘ப்ராத்ரு’வும் அதுவும் ஒரே வேரின் சொற்கள்.