பழைய வள்ளத்து எஞ்சினைப் பிரித்தபோது

தொண்டிப் பக்கம் கரையில் சும்மா கிடக்கும் டீசல் எஞ்சின் பெரும்பாலும் உப்பில் இறுகித்தான் போயிருக்கும். சித்தப்பாவின் வள்ளத்திலிருந்து இறக்கிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினும் அப்படித்தான், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தை அசைக்கவே முடியவில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். பிஸ்டனை இரும்பால் அடிக்காதீர்கள், அலுமினியம், விரிசல் விடும். பூவரசங்கட்டையை வைத்துத் தட்டினாலே மெல்ல நகரும்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும், ஓரிடத்தில் வெட்டுவிட்ட வளையங்களான ரிங்கெல்லாம் கரியோடு ஒட்டிக்கிடந்தது. புது ரிங்கைத் தனியாக லைனருக்குள், அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்க்குள் இறக்கி, இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும், 80 மி.மீ. லைனருக்கு 0.3 மி.மீ. சுமாராக இருந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு லைனரைக் கீறிவிடும்.

அப்புறம் வால்வு. அது உட்காரும் இடத்தில் அரைக்கும் பேஸ்ட் தடவிக் கையாலேயே இப்படியும் அப்படியும் உருட்டி, சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் தெரியும்வரை அரைக்க வேண்டும். டிரில்லில் மாட்டி ஒரு நிமிடத்தில் முடிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எல்லாம் பூட்டியதும் சித்தப்பா சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறாமல் வைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலைச் சுற்றினார், வேகம் வந்ததும் லீவரை விட்டார், டப்டப்பென்று பிடித்துக்கொண்டது.

“சத்தத்தக் கேட்டது போதும்டா, கூலிங் தண்ணி வருதான்னு பாரு.”