ஸ்னெஃபெருவைப் படிப்பித்த சேர்

எங்கள் வரலாற்று சேர், எகிப்தின் கீசாவில் உள்ள குஃபு மன்னனின் பெரிய பிரமிட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பாடப்புத்தகத்தில் படமும் நீளமான பந்தியும் அதற்குத்தான் இருந்தன. ஆனால் அவர் நேரமெடுத்துப் படிப்பித்தது குஃபுவின் தகப்பன் ஸ்னெஃபெருவைப் பற்றி. "மகன் கட்டினதை எல்லாரும் பாப்பினம். தகப்பன் எப்பிடிக் கட்டிப் பழகினவன் எண்டதை நீங்கள் பாருங்கோ" என்பார். சோதனைக்கு வராத பாடம் அது. இருந்தும் வகுப்பில் ஒருவரும் அசையவில்லை.

ஸ்னெஃபெரு கி.மு. 2600 அளவில் ஆண்டவன், நான்காம் அரசமரபின் முதல் மன்னன். அவனுக்கு முன் சக்காராவில் யோசர் மன்னன் கட்டுவித்தது படிப்படியாக ஏறும் பிரமிட்டு. நாலு பக்கமும் வழுவழுப்பாகச் சரிந்து உச்சியில் கூடும் பிரமிட்டை அதுவரை யாரும் கட்டி முடித்ததில்லை. மெய்தூமில் இருந்த படிப்பிரமிட்டின் படிகளை நிரப்பி அப்படியொன்றாக்க ஸ்னெஃபெருவின் ஆட்கள் முயன்றார்கள். வெளியே சேர்த்த பகுதியின் அடித்தளம் பாறையில் அல்ல, மணலில் இருந்தது. அந்த வெளிப்பகுதி பின்னர் சரிந்து விழ, நடுவிலிருந்த கோபுரம் மட்டும் இன்றும் கற்குவியலுக்கு மேலே நிற்கிறது. அது எப்போது சரிந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அடுத்தது தஹ்சூரில் உள்ள வளைந்த பிரமிட்டு. சேர் இதைக் கரும்பலகையில் வெண்கட்டியால் பெரிதாகக் கீறுவார். கீழ்ப்பகுதி சுமார் 54 பாகைச் சரிவில் செங்குத்தாக ஏறுகிறது. பாதி உயரம் போவதற்குள் சரிவு 43 பாகையாகக் குறைந்து, தோள் மடிந்தது போல் வளைகிறது. நிலம் உறுதியில்லாததால் கட்டும்போதே அது இறங்கத் தொடங்கி, உள்ளறைகளில் வெடிப்பு விழுந்தது. மேலே ஏறும் பாரத்தைக் குறைக்கவே சரிவை மாற்றினார்கள் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மேல் அறையில் கேதுரு மரத்தடிகளைக் குறுக்கே முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மரம் எகிப்தில் வளர்வதில்லை, லெபனான் பக்கத்திலிருந்து கடல் வழியாக வரவேண்டும். ஸ்னெஃபெருவின் காலத்தில் ஓர் ஆண்டில் 40 கப்பல் நிறைய மரம் வந்ததாக, பழைய எகிப்திய அரசர்களின் ஆண்டுக்குறிப்புகளைப் பொறித்த பலெர்மோ கல்வெட்டு சொல்கிறது.

அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவிலிருந்து 7,000 பேரைச் சிறைப்பிடித்தான், 200,000 கால்நடைகளை ஓட்டிவந்தான் என்று. அரசன் தன் பெருமைக்குப் பொறித்த எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனாலும் இவ்வளவு கட்டடத்துக்கான செல்வத்தில் ஒரு பங்கு இப்படியும் வந்தது என்பதை சேர் மறைக்கவில்லை.

மூன்றாவதுதான் சிவப்புப் பிரமிட்டு, அதுவும் தஹ்சூரில்தான். அடி 220 மீட்டர், உயரம் சுமார் 105 மீட்டர், சரிவு தொடக்கத்திலிருந்தே 43 பாகை. வழுவழுப்பான முகங்களோடு திட்டமிட்டுத் தொடங்கி, கோணாமல் முடிந்த முதல் பிரமிட்டு அது. அதன் உள்ளறைக் கூரையை விளக்க சேர் எங்கள் அப்பியாசக் கொப்பிகளை வாங்கி, மேசையில் இரண்டு பக்கமாக அடுக்கினார். ஒவ்வொரு கொப்பியும் கீழே உள்ளதைவிட ஓர் அங்குலம் உள்ளே நீட்டியபடி இருக்கும். இரண்டு அடுக்கும் மேலே முட்டியதும், நடுவில் உண்டான வெளிக்குள் டஸ்டரை வைத்துக் காட்டினார். மேலே இன்னும் பத்துக் கொப்பி வைத்தும் அடுக்கு விழவில்லை. பாரம் இரண்டு பக்கச் சுவருக்கும் எப்படிப் போகிறது என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

நான் பொறியியல் படித்ததற்கு அந்தக் கொப்பி அடுக்கும் ஒரு காரணம். பல வருடம் கழித்து, வேலை அலுவலாக கெய்ரோ போனபோது சிவப்புப் பிரமிட்டுக்குள் இறங்கினேன். வாசல் வடக்கு முகத்தில் 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 60 மீட்டருக்கு மேல் நீளமான ஒடுங்கிய வழியில் முதுகை வளைத்தபடியே இறங்கவேண்டும். அமோனியா நெடி மூக்கை அரிக்கும். கீழே போய் நிமிர்ந்து பார்த்தால், இரண்டு பக்கச் சுவரும் படிப்படியாக உள்ளே நெருங்கி, 12 மீட்டருக்கு மேல் உயரத்தில் கூடுகின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பொருத்தைத் தடவிப் பார்த்தேன். நகம்கூடப் போகவில்லை. இரண்டு மில்லியன் தொன்னுக்குக் குறையாத பாரம் 4,600 வருடமாக மேலே இருக்கிறது.

மெய்தூமில் செய்த வேலையையும் சேர்த்தால் ஸ்னெஃபெரு குவித்த கல் முப்பத்தைந்து இலட்சம் கனமீட்டர் அளவில் வரும். குஃபுவின் பெரிய பிரமிட்டு சுமார் இருபத்தாறு இலட்சம்தான். தகப்பனின் ஆட்கள் பழகிய கையோடுதான் மகன் கீசாவில் பாறைத் தளத்தைத் தேர்ந்தெடுத்தான், 52 பாகைக்குக் கிட்டத் துணிந்து ஏறினான். அந்தப் புகழில் பெரிய பங்கு தஹ்சூருக்கு உரியது என்றே நான் நினைக்கிறேன்.

எகிப்தியரும் அவனை மறக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்தும் அவனுக்கு வழிபாடு நடந்தது. பெர்லினில் உள்ள ஒரு பப்பிரசுச் சுருளில் அவனைப் பற்றி ஒரு கதை வருகிறது. ஏரியில் வள்ளம் வலிக்கும் பெண்ணொருத்தியின் நீலப்பச்சைக் கல் மீன் பதக்கம் தண்ணீரில் விழுந்துவிடும். வேறொன்று தருகிறேன் என்று அரசன் சொல்வான். எனக்கு என்னுடையதுதான் வேண்டும் என்று அவள் நிற்பாள். அரசன் கோபிக்காமல் மந்திரவாதியை "சகோதரனே" என்று அழைத்து, ஏரித் தண்ணீரை மடித்து அதை எடுத்துக் கொடுக்கச் செய்வான். சேர் இந்தக் கதையைச் சொல்லும்போது அரசனின் குரலை மிக மெதுவாக ஆக்கிக்கொள்வார்.

கெய்ரோவுக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீசாவை முதலில் பார்க்காதீர்கள். முடிந்தால் மெய்தூமில் தொடங்குங்கள். அப்புறம் கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள தஹ்சூருக்கு வாருங்கள். வளைந்த பிரமிட்டின் உள்ளறைகளையும் 2019 இல் திறந்துவிட்டார்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் வெளியே நின்றே அந்த மடிப்பைப் பார்க்கலாம், மேற்பூச்சுக் கல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கீசாவைக் கடைசி நாளுக்கு வையுங்கள்.