உங்க இஷ்டம்மா

“மலாய்ல டிபி 3ன்னா பாஸ்தானே டீச்சர்?”னு என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருத்தனோட அம்மா கேட்டாங்க, ஆமாம்மான்னுட்டேன். டிபின்னா வகுப்பு டீச்சரே போடுற தேர்ச்சி நிலை, 1லேர்ந்து 6 வரைக்கும். அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. “அப்ப மலாய் டியூஷன நிப்பாட்டிடவா, ஓவர்டைம் இல்லாத மாசம் ரொம்ப இழுக்குது”ன்னாங்க. நான் “உங்க இஷ்டம்மா”ன்னேன். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது.

நான் போட்ட 3 பொய்யில்ல. பையன் நிறுத்தி நிறுத்தி வாசிப்பான், கேட்டா புரியும், எழுதச் சொன்னா நாலு வரியில நின்னுடுவான். 2ன்னும் சொல்லலாம், 3ன்னும் சொல்லலாம். 2 போட்டா இடைநிலைப்பள்ளில ஒண்ணாம் ஃபோமுக்கு (வகுப்புக்கு) முன்னாடி மலாய் கத்துக்கிறதுக்குன்னு புதுமுக வகுப்பு, ஒரு வருஷம் கூட. நானே புதுமுக வகுப்புல இருந்தவ, அந்த வருஷம் கல்யாண வீட்டுக்குக்கூட போகமாட்டேன், எந்த ஃபோம்னு யாராச்சும் கேட்டுருவாங்கன்னு. அது அவனுக்கு வேணாம்னு நெனச்சேன். ஆனா நான் மலாய் ஒழுங்கா கத்துக்கிட்டதே அந்த வருஷத்துலதான்.

மலேசியாவுல எங்க பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி, 1816லயே தமிழ் வகுப்பு ஆரம்பிச்ச ஊர்னு மேடைக்கு மேடை சொல்றோம். டவுன்ல இருக்கிற பெரிய பள்ளிக்கும் 150 பிள்ளைங்ககூட இல்லாத எங்கள மாதிரி பள்ளிக்கும் உள்ள தூரத்த யாரும் சொல்றதில்ல. மானியம் தலைக்கணக்குல வருது, பிள்ளை குறைஞ்சா காசும் குறையும், அங்க பிஐபிஜி, அதான் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பணம் திரட்டி கூடுதல் வகுப்பு வைக்கும், இங்க கூட்டத்துக்குப் பத்து பேர் வந்தாலே பெருசு, மத்தவங்க எல்லாம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிப்டு. 2021ல ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர ரத்து பண்ணப்ப எனக்கு சந்தோஷம், எத்தன ‘ஏ’ கிரேடுன்னு எண்ணி எங்க பள்ளிய மட்டமா பேசினது போதும்னு. இப்பவும் அது சரின்னுதான் சொல்வேன். ஆனா அந்தத் தாள் இருந்திருந்தா மகன் எங்க நிக்கிறான்னு அந்த அம்மா என்கிட்ட கேட்டிருக்கவே வேணாம். என்னோட 3ம் பெரிய பள்ளி டீச்சர் போடுற 3ம் ஒண்ணுதானான்னு எனக்கே தெரியல, அவங்களுக்கு எப்படித் தெரியும்?

3 போடச் சொல்லி தலைமையாசிரியர் ஒரு வார்த்த சொல்லல, அதையும் சொல்லிடறேன், முடிவு என்னோடதுதான். “நிப்பாட்டாதீங்கம்மா, இவனுக்கு இன்னும் வேணும்”னு சொல்லியிருந்தா, அப்ப ஏன் 3 போட்டீங்கன்னு கேட்டிருப்பாங்க. அதுக்குத்தான் பயந்தேனோ. இல்ல, ராத்திரி ஷிப்டு முடிச்சு தூங்காம வந்து நின்ன முகத்தப் பார்த்து, இன்னும் செலவு பண்ணுங்கன்னு சொல்ல வாய் வரலையோ. ரெண்டும் இருக்கும்.

போன மாசம் பையன பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். நல்லா வளர்ந்துட்டான், அவனே வந்து வணக்கம் சொன்னான். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன், சாப்பிட்டியான்னு கேட்டேன். மலாய் எப்படிப் போகுதுன்னு கேட்கல.