வால்வின் அடியில் ஒரு வெடிப்பு

எங்கள் காரின் பின் இடது டயரில் மட்டும் காற்று குறைந்துகொண்டே இருந்தது. மற்ற மூன்றும் 32 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) அசையாமல் நிற்க, இது மட்டும் ஒரே வாரத்தில் 28க்கு இறங்கிவிடும். ஞாயிறுதோறும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி நிரப்பிக்கொள்வேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அந்தக் காற்று எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. நிரப்பினால் நிறைகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு வேலை நெருக்கடியில் மூன்று ஞாயிறுகள் தவறிப்போயின. அடுத்த வாரம் பின் இருக்கையில் அம்மாவையும் டிக்கியில் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, நல்ல வெயிலில் நெடுஞ்சாலையில் போனேன். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து டயர்களைப் பார்க்கவும் செய்தேன். நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து, கதவை ஓங்கி அறைந்தாற்போல் பின்னால் ஒரு சத்தம். வண்டியின் பின்பகுதி இடப்பக்கமாகத் தாழ்ந்து அலைந்தது.

பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடித்தது. மிதிக்கவில்லை. அந்த நேரத்தில் அழுத்தி மிதித்தால் பாரமெல்லாம் முன்னால் சரிந்து, ஏற்கெனவே பிடிமானம் இழந்த பின்சக்கரம் வண்டியையே சுழற்றிவிடும். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை நேராகவே ஓட்டி ஓரமாக நிறுத்தினேன். அதுவரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நின்ற பிறகுதான் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டெப்னியை மாட்டி, டயர் வேலை செய்பவரிடம் மெதுவாக ஓட்டிப் போனேன். வெடித்த டயரை அவர் ரிம்மிலிருந்து கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி அளவு கறுப்புத் தூள் கொட்டியது. நான் மண் என்று நினைத்தேன். "மண் இல்லை. இது டயரின் உள்சுவர். குறைந்த காற்றில் ஓடி ஓடி அரைபட்டிருக்கிறது. எத்தனை நாளாக இப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு காற்று அடிக்கும் குழாயான வால்வை விரலால் ஒரு பக்கமாக வளைத்துக் காட்டினார். ரிம்மோடு சேரும் இடத்தில் ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் புது டயர் போட்டபோது பழைய வால்வையே விட்டுவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. டயரை மாற்றும்போதெல்லாம் அந்தச் சின்ன ரப்பர்த் துண்டையும் மாற்றியிருக்க வேண்டும்.

அந்தக் கறுப்புத் தூளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு உள்ளே அடைபட்ட காற்றுடையது; ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்று குறைந்தால் தரையில் படும் இடத்தில் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், மேலே போனதும் நிமிரும். நடுத்தரக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 800 முறைக்கு மேல் சுழல்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அந்த இடம் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பக்கச்சுவருக்கும் அதுதான் நேர்கிறது. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகிறது. வெயில், பாரம், வேகம் மூன்றும் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. இத்தனையும் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. இன்றைய கார்களில் வரும் ரேடியல் டயர் சரியான காற்றிலேயே அடியில் சற்றுப் புடைத்துத்தான் நிற்கும். 32க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தை என் கண் அன்று பிரித்துச் சொல்லவில்லை. அதனால்தான் டயரைக் காலால் உதைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பதறுகிறது.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு காற்றழுத்த மானி வாங்கிவிட்டேன். வாரம் ஒரு நாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்கிறேன். ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்து அதிகம் என்று காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு குறைவாகிவிடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஆள் நிறைந்து பெட்டிகளோடு போகும்போது வைக்க வேண்டிய அளவும் பெரும்பாலும் அதிலேயே உண்டு. டயரின் பக்கவாட்டில் பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதுவரை நிரப்பினால் டயர் விறைத்து, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, பிடிமானம் குறையும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. வரை இறங்கும். பருவம் மாறும்போது நான்கு டயர்களிலும் ஒன்றுபோலக் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

அந்த "ஏதோ"வைக் கண்டுபிடிக்க ஒரு கிண்ணம் சோப்பு நீர் போதும். முதலில் வால்வின் வாயில் ஒரு சொட்டு விட்டு, பிறகு அதன் அடிப்பகுதியை லேசாக அசைத்தபடி ஊற்றிப் பார்க்கிறேன். அடுத்து ரிம்மும் டயரும் சேரும் வளையம், கடைசியாகத் தரையில் படும் பகுதி. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. இதை அந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் செய்திருந்தால் போதும். வால்வு மூடிகளையும் இப்போது தொலைய விடுவதில்லை. தூசியும் ஈரமும் உள் ஊசியில் சேராமல் காப்பது அவைதான்.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருப்பதைக் கண்டால் அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். பல நேரங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஆணியேதான். காற்று நிற்கிறதென்றால் மெதுவாக ஓட்டிப் போய்ச் சரிசெய்யலாம். தரையில் படும் பகுதியில் உள்ள சிறிய ஓட்டையை ஒட்டலாம், பக்கச்சுவரில் பட்டதை ஒட்டக் கூடாது. வெளியிலிருந்தே ரப்பர்த் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரமாவது ஓடிய டயர் என்றால் நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. கழற்றி உள்ளே பாருங்கள் என்று கேட்கிறேன். கறுப்புத் தூளைப் பார்த்தவள் நான்.

தேய்ந்த டயரில் ஆணி எளிதாக ஏறும், மழையில் வழுக்கும். டயரில் தரையில் படும் பகுதியின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைகள் தேய்ந்து அவற்றோடு சமமானால் டயர் முடிந்தது. தேயாவிட்டாலும் வயது உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எங்கள் ஸ்டெப்னியின் எண்ணைப் படித்தபோதுதான் அது மற்ற டயர்களைவிட ஏழு ஆண்டு மூத்தது என்று தெரிந்தது. அன்று அதில்தான் அம்மாவை ஏற்றி ஓட்டியிருக்கிறேன். அதையும் மாற்றிவிட்டேன், வாராவாரம் அதையும் அளக்கிறேன்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் அளந்து பாருங்கள்.

போன ஞாயிறு நான்கிலும் 33 வைத்தேன். இன்று காலை மூன்றில் 33, முன் வலதில் 31. சோப்பு நீர் கலக்கி வைத்துவிட்டேன். வெயில் ஏறும் முன் பார்த்துவிட வேண்டும்.