நிர்வாக இயக்குநரின் ஊதியத் தீர்மானத்தில் வாக்களித்த அனுபவம்

மதுரையில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்கொடையில் ஒரு பகுதியைப் போட்டு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 120 பங்குகளை வாங்கி வைத்திருந்தேன். ஈவுத்தொகை வங்கிக் கணக்கில் வரவாகும். அதற்கு மேல் அந்த நிறுவனத்தோடு எனக்குத் தொடர்பு இருந்ததில்லை. சென்ற ஆண்டு, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தபோது, வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் என் மகள்தான் அதைப் படித்துவிட்டு ஐந்தாவது தீர்மானத்தைக் காட்டினாள். நிறுவனத்தைத் தொடங்கியவரையே மேலும் ஐந்தாண்டுகளுக்கு நிர்வாக இயக்குநராக நியமித்து, அவருடைய ஊதியத்தையும் உயர்த்தும் சிறப்புத் தீர்மானம் அது. “இதுக்கு நீங்களும் ஓட்டுப் போடலாம்ப்பா” என்றாள்.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தால் அவருக்கு நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரையிலும், இயக்குநர்கள் அனைவருக்கும் சேர்த்து 11 விழுக்காடு வரையிலும் ஊதியம் தரலாம். அதைத் தாண்ட வேண்டுமானால் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். நிறுவனர் தரப்பைச் சேர்ந்தவர் இயக்குநராக இருந்து சம்பளம் வாங்கினால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி இன்னும் இறுக்கமானது: ஆண்டு ஊதியம் 5 கோடி ரூபாய், நிகர லாபத்தில் 2.5 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் சிறப்புத் தீர்மானம் தேவை. எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 75 விழுக்காடாவது, ஆதரவு வாக்குகள் விழுந்தால்தான் அது நிறைவேறும். 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இத்தகைய தீர்மானம் ஏறத்தாழ 73 விழுக்காடு ஆதரவு பெற்றும் தோற்றது. ஊதிய வரம்பைக் குறைத்த பிறகே அது மீண்டும் பங்குதாரர்களிடம் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான், எண்ணிக்கையில் குறைந்தவர்களின் வாக்குக்கும் எடை இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

ஆண்டறிக்கை முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது. ஊதியம் பற்றிய பக்கங்களை மட்டும் மேல மாசி வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து, விடைத்தாள் திருத்துவதுபோலச் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சட்டப்படி அச்சிட்டிருந்தார்கள். இடைநிலை என்பது சராசரி அன்று. மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவனின் உயரம் அது. வரிசையின் கடைசியில் ஒருவன் பனைமர உயரத்துக்கு வளர்ந்தாலும் அது மாறாது. நிர்வாக இயக்குநருக்கு நேராக இருந்த மடங்கு மூன்று இலக்க எண். அதைவிட என்னை உறுத்தியது அடுத்த பத்திதான். மேல்மட்டத்தினர் அல்லாத ஊழியர்களின் சம்பளம் சராசரியாக உயர்ந்த விழுக்காட்டைவிட மேல்மட்டத்தின் உயர்வு பல மடங்கு இருந்தது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது விதி. அவர்கள் எழுதியிருந்ததோ ‘சந்தை நிலவரத்துக்கு ஏற்ப’ என்ற ஒரே வரி. செயல்திறனோடு இணைந்த ஊதியத்துக்கு என்ன இலக்கு என்பதும் அறிவிப்பில் இல்லை.

அதிக ஊதியம் பெறும் முதல் பத்து ஊழியர்களின் பட்டியல் பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் சேர்க்கப்படவில்லை என்றும், வேண்டுவோர் நிறுவனச் செயலருக்கு எழுதிப் பெறலாம் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என் டீமேட் கணக்கின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன், பதில் இல்லை. நிர்வாகிகளின் நியமனம், ஊதியம் பற்றிய 2014ஆம் ஆண்டு நிறுவன விதிகளின் 5ஆம் விதியைச் சுட்டி மறுபடி எழுதிய மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. நீங்கள் எழுதினால் முதல் கடிதத்திலேயே விதி எண்ணைப் போட்டுவிடுங்கள்.

வாக்களிப்பதில்தான் சிக்கல் வந்தது. கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு மின்வாக்குப் பதிவு முடிந்துவிடும். ஓடிபி என் பழைய கைப்பேசி எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்றப் பங்குத் தரகர் அலுவலகத்தில் ஏற்கெனவே படிவம் கொடுத்திருந்தும் அவர்கள் பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். இரண்டு முறை நேரில் போய் நின்ற பிறகே மாற்றினார்கள். கடைசி நாள் பிற்பகலில், எதிர்ப்பு என்ற கட்டத்தைத் தொட்டேன்.

பேச முன்பதிவு செய்திருந்ததால் காணொளிக் கூட்டத்தில் மூன்று நிமிடம் கிடைத்தது. ஊதியத்தைப் பரிந்துரைக்கும் குழுவில் பெரும்பான்மையினர் சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிறுவனர் தரப்பையோ நிர்வாகத்தையோ சேராதவர்கள். ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அமர்வுக் கட்டணமும் லாபத்தில் ஒரு சிறு பங்கைக் கமிஷனாகவும் பெறுபவர்கள். முன்பே குறித்த விலையில் நிறுவனப் பங்குகளை வாங்கிக்கொள்ளும் விருப்புரிமையைச் (ஸ்டாக் ஆப்ஷன்) சட்டம் அவர்களுக்குத் தரவில்லை. அவர்கள் அச்சமின்றிப் பேசவே அந்த ஏற்பாடு என்று நான் நம்புகிறேன். ஆகவே என் கேள்வியை நிர்வாக இயக்குநரிடம் வைக்காமல் அந்தக் குழுவின் தலைவரிடமே வைத்தேன்: எந்த இலக்கை எட்டாவிட்டால் இந்த ஊதியம் குறையும்? எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்புவதாகச் சொன்னார்.

இரண்டு வேலை நாள்களில் முடிவு பங்குச் சந்தை இணையதளத்தில் வெளியானது. தீர்மானம் நிறைவேறியிருந்தது. நிறுவனர் தரப்பு, நிதி நிறுவனங்கள், பொதுமக்கள் என வாக்குகளை மூன்று வரிசையாகப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் எதிர்ப்புக்கு நேராக இருந்த எண்ணில் என்னுடைய 120 சேர்ந்திருந்தது. குழுத் தலைவரின் கடிதம் ஐந்து வாரம் கழித்து வந்தது. வருவாய் வளர்ச்சி, லாப விகிதம் என்று இரண்டு அளவுகோல்களைச் சொல்லியிருந்தார், எண்களைச் சொல்லவில்லை. அந்த எண்களைக் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.